35 மதிப்பெண்ணைத் தாண்டிய பிள்ளைகள் யாருடைய பொறுப்பு? முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் உங்கள் அலுவலகத்திலிருந்து தலைமையாசிரியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது. பொதுத்தேர்வு முடியும்வரை மாலை நேரமும் சனிக்கிழமையும் மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு மட்டுமே. பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள வகுப்பு, போட்டித் தேர்வுப் பயிற்சி, மன்றக் கூட்டம் எதையும் நடத்தக் கூடாது. 6 முதல் 9ஆம் வகுப்பு வரைக்கும் இது பொருந்தும். இதுதான் அதன் சாரம்.

அதன்படி எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சனிக்கிழமை காலையில் நடந்துவந்த கணித வகுப்பு நின்றுவிட்டது. அதை நடத்திவந்தவள் நான். அதே பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டுக் கேட்டதால் வந்தேன். சம்பளம் கிடையாது, பள்ளிக்கு ஒரு ரூபாய் செலவும் கிடையாது. 7, 8, 9ஆம் வகுப்புகளிலிருந்து இருபது பிள்ளைகள் போல வருவார்கள். ஆண்டுத் தொடக்கத்திலிருந்து காலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

தலைமையாசிரியர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. உங்கள் கையெழுத்தோடு வந்த தாளை மீறச் சொல்லி அவரைக் கேட்பது நியாயமில்லை. மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகுப்பை நிறுத்தியதால் மெல்லக் கற்கும் ஒரு பிள்ளைக்கும் ஒரு நிமிடம்கூட கூடுதலாகக் கிடைக்கவில்லை. 10ஆம் வகுப்புச் சிறப்பு வகுப்பு எதிர் அறையில் அப்போதும் நடந்தது, இப்போதும் நடக்கிறது. அதை எடுக்கும் ஆசிரியர்கள் வேறு. நாங்கள் உட்கார்ந்திருந்த அறை இப்போது சனிக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கிறது. யாருக்கும் பயனில்லாமல் இருபது பிள்ளைகளிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டோம். இதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கிருந்து இந்த உத்தரவு வருகிறது என்பது மட்டும் தெரியும். பணியில் இருந்த காலம் முழுக்க மீளாய்வுக் கூட்டங்களுக்குத் தகவல் தயாரித்தவள் நான். ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: 35க்குக் கீழே எத்தனை பேர்? அவர்களின் பெயர்ப் பட்டியல், பெற்றோர் செல்பேசி எண், கொடுத்த பயிற்சி, அடுத்த தேர்வில் எடுத்த மதிப்பெண் எல்லாம் எழுத வேண்டும். தேர்ச்சி விழுக்காடு இறங்கினால் மெமோ. சரி, அது தேவைதான். ஆனால் 35ஐத் தாண்டிவிட்ட பிள்ளையைப் பற்றி அந்தக் கூட்டங்களில் யாரும் எதுவும் கேட்டதில்லை. கடைசியில் ஒரு வரி வரும், 'சென்டம் எத்தனை?' என்று. அவ்வளவுதான். நூற்றுக்கு நூறு வாங்கக்கூடிய பிள்ளை இன்னும் என்ன படிக்கிறது, எதில் தடுமாறுகிறது, வகுப்பில் அதற்கு வேலை இருக்கிறதா என்று கேட்கும் படிவம் என் கைக்கு வந்ததே இல்லை.

10ஆம் வகுப்புக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வினாத்தாள் அமைப்பு உங்களுக்கும் தெரியும். ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10, கடைசியில் எட்டு எட்டாக வடிவியலும் வரைபடமும். அந்த 16 மதிப்பெண்ணைக் கையில் பிடித்துவிட்டு, ஒரு மதிப்பெண் வினாக்களில் பாதியைப் போட்டு, இரண்டு மதிப்பெண்ணில் ஆறேழு எழுதினால் பிள்ளை தேறிவிடும். அதனால் ஜனவரி பிறந்தால் எல்லாப் பள்ளிகளிலும் தொடுகோடும் வடிவொத்த முக்கோணமும் வரைபடமும்தான். நானும் அப்படித்தான் நடத்தினேன், அதில் எனக்கு வெட்கமில்லை. பத்தாவதில் தவறிய ஒரு பெண் பிள்ளைக்கு எங்கள் ஊரில் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். 2025இல் மாநிலத்தில் 10ஆம் வகுப்புத் தேர்ச்சி 93.80 விழுக்காடு. அந்த எண்ணுக்குள் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களின் மாலை நேரங்கள் இருக்கின்றன. யாரும் அதைச் சிறிதாகப் பேசக் கூடாது.

ஆனால் அதே அறையில், அதே ஜனவரியில், ஆகஸ்டு மாதமே புத்தகத்தை முடித்துவிட்ட பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது. அது என்ன செய்கிறது? குழுத் தலைவராக இருக்கிறது. நான்கைந்து பேரை அதன் பொறுப்பில் விடுகிறோம். அவர்களுக்குச் சூத்திரம் ஒப்பிக்கவைத்து, ஒரு மதிப்பெண் வினா கேட்டு, நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி ஆசிரியரிடம் காட்ட வேண்டும். சொல்லிக்கொடுத்தால் தனக்கும் நன்றாகப் பதியும் என்பார்கள். ஒரு மாதத்துக்கு அது உண்மை. ஆறாம் வகுப்பில் தொடங்கிப் பத்தாம் வகுப்புவரை, ஒவ்வொரு பாடத்திலும், ஒவ்வொரு மாலையிலும் அதே வேலை என்றால் அந்தப் பிள்ளை எப்போது படிக்கும்? ஆசிரியர் பற்றாக்குறையைச் சத்தமில்லாமல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் நேரத்தை வைத்து நிரப்பிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் பெண் பிள்ளைகள். சொன்னதைச் செய்வார்கள், மறுக்கமாட்டார்கள் என்பதால்.

எங்கள் சனிக்கிழமை வகுப்பில் 9ஆம் வகுப்புப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பெயர் வேண்டாம். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். வகுப்பில் முதல் மாணவி இல்லை, மூன்றாவதோ நான்காவதோ வருவாள். மெய்யெண்கள் பாடத்தில் சுழல் தசமம் வருமே, அதை நடத்தும்போது 1ஐ 7ஆல் வகுத்துக் காட்டுவோம், 142857 திரும்பத் திரும்ப வரும். எல்லாரும் எழுதிக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போவார்கள். இவள் வீட்டுக்குப் போய் 11, 13, 17, 19, 37 என்று ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்திருக்கிறாள். 17ஆல் வகுத்தது பழைய சமூக அறிவியல் நோட்டின் பின்பக்கம் முழுவதும் ஓடியிருந்தது. ஓரத்தில் மீதிகளைத் தனியாக ஒரு வரிசையில் எழுதியிருந்தாள்: 1, 10, 15, 14, 4, 6, 9, 5, 16... இப்படிப் பதினாறு எண்கள். அப்புறம் மறுபடி 1.

"பதினேழால வகுத்தா மீதி ஒண்ணுலேர்ந்து பதினாறு வரைக்கும்தானே மிஸ் வரும்? பதினாறும் வந்து முடிஞ்சா பழைய மீதி திரும்பி வந்தே ஆகணும். அதான் பதினாறு இலக்கம்."

இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. புத்தகத்திலும் இந்த விளக்கம் இப்படி இல்லை. அதோடு விடவில்லை. 13க்கு ஆறு இலக்கம்தான் சுழல்கிறது, 12இல் பாதி. 11க்கு இரண்டு, அது 10ஐ வகுக்கும். 37க்கு மூன்று, அது 36ஐ வகுக்கும். "ஏன் மிஸ் எப்பவும் ஒண்ணு கம்மியான நம்பரையே மீதியில்லாம வகுக்குது?" என்று கேட்டாள்.

ஐயா, இது 1640இல் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் ஒரு கடிதத்தில் எழுதிய தேற்றத்தில் போய் நிற்கும் கேள்வி. கல்லூரிகளில் படிக்கும் ஒன்றை, கைகாட்ட ஆள் இல்லாமல், பழைய நோட்டில் வகுத்தல் போட்டே அவள் எட்டிப் பிடித்திருக்கிறாள். அதைப் புரிந்துகொள்ளத் தேவையான மட்டு எண்கணிதம், அதாவது மீதிகளை வைத்துப் போடும் கணக்கு, 10ஆம் வகுப்புப் புத்தகத்தின் இரண்டாம் பாடத்திலேயே இருக்கிறது. அதை முன்கூட்டியே சொல்லித்தந்து, அவள் கேள்விக்கு அவளையே விடை காணவைக்கலாம் என்று நினைத்து மூன்று சனிக்கிழமைகளுக்குத் திட்டம் போட்டிருந்தேன். முதல் சனிக்கிழமை முடிந்தது. இரண்டாவதற்குள் உங்கள் சுற்றறிக்கை வந்துவிட்டது.

பள்ளியில் இப்போது அவளுக்கு நான்கு பேர் பொறுப்பு. மாலையில் வாய்ப்பாடு கேட்கிறாள். அடுத்த ஆண்டு 10ஆம் வகுப்பில் மட்டு எண்கணிதம் வரும்போது, 'இதிலிருந்து பெரிதாக மார்க் வராது, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று யாராவது சொல்லிவிட்டுத் தாண்டிப் போவார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் துறையில் நேரத்தை அளக்கும் முறையே அப்படி.

இன்னொரு வகைப் பிள்ளையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் திறமை என்றதும் நாம் மதிப்பெண் பட்டியலின் மேல் வரியை மட்டுமே பார்க்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பையன். தமிழில் எழுத்துப்பிழை ஏராளம், ஆங்கிலம் சொல்லவே வேண்டாம். ஆனால் பள்ளி மோட்டார் ஓடாமல் நின்றால் எலக்ட்ரீஷியனுக்கு முன்னால் அவனைத்தான் கூப்பிடுவோம். காயில் எரிந்ததா, கெபாசிட்டர் போனதா என்று சத்தத்தை வைத்தே சொல்வான். அறிவியல் பாடத்தில் மின்னியல் நடத்தும்போது அவன் கேட்கும் கேள்விக்கு அறிவியல் ஆசிரியரே ஒரு நாள் அவகாசம் கேட்பார். மெல்லக் கற்போர் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. மாலையெல்லாம் அவன் செய்தது பிழையான எழுத்துகளைத் திருத்தி எழுதுவதுதான். அது அவனுக்கு வேண்டும், மறுக்கவில்லை. கூடவே வேறு ஒன்றும் வேண்டியிருந்தது, அதைத் தர ஒரு பாடவேளைகூட எங்கள் அட்டவணையில் இல்லை. 37 மதிப்பெண்ணில் தேறினான். பள்ளியின் கணக்கில் அவன் ஒரு வெற்றி. இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் துணி மடிக்கிறான்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லவரவில்லை. கொரோனாவுக்குப் பிறகு 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் எங்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் செய்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2025இல் 6 முதல் 9 வரைக்கும், அடிப்படையில் பின்தங்கியவர்களுக்காக, 'திறன்' என்ற பயிற்சி வந்தது, அதுவும் வேண்டியதுதான். ஆனால் இவை எல்லாவற்றின் உச்சியும் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். மூன்றாம் வகுப்புக் குழந்தை மலரில் இருந்தால், மூன்றாம் வகுப்புக்கு உரியது அதற்குத் தெரியும் என்று பொருள். அதற்கு மேலும் தெரிந்த குழந்தை எந்த நிலை? அதற்குப் பெயர் இல்லை, பாடம் இல்லை, பதிவேட்டில் இடமும் இல்லை.

திறனாய்வுத் தேர்வுகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. 8ஆம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு, மாதம் 1000 ரூபாய், தமிழ்நாட்டுக்கு 6695 இடங்கள். 9ஆம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வில் 1000 பேருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 1963இல் தொடங்கிய தேசியத் திறனாய்வுத் தேர்வை 2021இல் நிறுத்திவைத்தார்கள், இன்னும் திரும்பவில்லை. இந்தத் தேர்வுகள் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கின்றன, பணம் தருகின்றன. அந்தப் பணம் எங்கள் ஊர் வீடுகளில் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். ஆனால் தேர்ந்தெடுத்த மறுநாள் அந்தப் பிள்ளை அதே வகுப்பில், அதே பாடத்தை, அதே வேகத்தில்தான் கேட்கிறது. கூடுதலாக ஒரு புத்தகம்? ஒரு ஆசிரியர்? எதுவும் கிடையாது. இப்போது உங்கள் சுற்றறிக்கை அந்தத் தேர்வுகளுக்குப் பள்ளி தரும் கொஞ்ச நஞ்சப் பயிற்சியையும் சேர்த்தே நிறுத்தியிருக்கிறது.

ஊரகத் திறனாய்வுத் தேர்வின் தொகை ஆண்டுக்கு 1000 ரூபாய். மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு. டிசம்பர் 22 வந்தால் எல்லாப் பள்ளியிலும் ராமானுஜன் படத்துக்கு மாலை போடுகிறோம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தவறியதால் உதவித்தொகையை இழந்தவர் அவர். பட்டம் இல்லாத அந்த மனிதருக்கு 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. ஆண்டுக்கு 900 ரூபாய். ஆய்வாளருக்குத் தருவதையும் பள்ளிப் பிள்ளைக்குத் தருவதையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். இருந்தாலும் நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, ஒரு மாவட்டத்தின் கிராமப்புறப் பிள்ளைகளில் முதல் நூறு பேருக்கு ஓராண்டுக்குக் கொடுப்பது அதைவிட நூறு ரூபாய் அதிகம் என்றால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்த 1913 முடிவில் இன்னொன்றும் உண்டு. பட்டம் இல்லாதவருக்கு ஆய்வு உதவித்தொகை தருவது வழக்கம் இல்லை. இருந்தும் அன்று பொறுப்பில் இருந்தவர்கள் எதிரே இருந்த மனிதரைப் பார்த்து முடிவெடுத்தார்கள். ஒரு அலுவலருக்கு அவ்வளவு முடியும்.

தேர்ந்தெடுத்த பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்துப் படிக்கவைக்கும் அரசு மாதிரிப் பள்ளிகளைச் சொல்வீர்கள். 38 மாவட்டங்களிலும் இருக்கின்றன, எங்கள் பிள்ளைகள் சிலர் அங்கிருந்து ஐஐடி வரை போயிருக்கிறார்கள். பெருமைதான். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பள்ளியில் சேரும் பிள்ளைகள் சில நூறு பேர். மீதிப் பிள்ளைகள்? விடுதிக்கு அனுப்ப வீட்டில் ஒப்புக்கொள்ளாத பெண் பிள்ளைகள்? ஏழாம் வகுப்பிலேயே கேள்வி கேட்கத் தொடங்கி, அதைக் கேட்க ஆள் இல்லாமல் ஒன்பதாம் வகுப்புக்குள் கேட்பதையே விட்டுவிட்ட பிள்ளைகள்? சிங்கப்பூரில் 1984 முதல் திறன்மிகு பிள்ளைகளுக்குக் குறிப்பிட்ட சில தொடக்கப் பள்ளிகளில் தனி வகுப்பு வைத்திருந்தார்கள். 2024இல் அந்த முறையை மாற்றி, எந்தப் பள்ளியில் பிள்ளை இருக்கிறதோ அந்தப் பள்ளியிலேயே கூடுதல் கல்வி தருவது என்று அறிவித்தார்கள். அத்தனை வசதி உள்ள நாடே பிள்ளையைத் தேடிப் பள்ளிக்குப் போக வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறது. எங்கள் ஊரில் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது, சனிக்கிழமை காலையில்.

'நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு என்ன, எப்படியும் படித்துக்கொள்ளும்' என்பதை என் பணிக்காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். பணம் உள்ள வீட்டுப் பிள்ளை படித்துக்கொள்ளும். நகரத்தில் ஆறாம் வகுப்பிலேயே ஒலிம்பியாட் பயிற்சி, ரோபோட்டிக்ஸ், கோடிங் என்று மாதம் ஆயிரக்கணக்கில் கட்டுகிறார்கள். அந்தப் பிள்ளையைப் பள்ளி கவனிக்காவிட்டால் வீடு கவனிக்கும். சென்னையிலிருந்து 1965 முதல் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதத் திறன் போட்டிகள் நடத்துகிறது. அதற்கு விண்ணப்பிக்கலாம் என்ற செய்தியே எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வருவதில்லை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிற பிள்ளைக்குப் பள்ளியைத் தவிர வேறு எது இருக்கிறது? அரசுப் பள்ளி அந்தப் பிள்ளையைச் சராசரிக்குள் உட்காரவைத்தால், அங்கேயே உட்கார்ந்துவிடும். திறமை எல்லாத் தெருவிலும் பிறக்கிறது, வாய்ப்பு மட்டும் சில தெருக்களுக்குப் போகிறது என்று மேடையில் பேசும் நாம்தான், மெல்லக் கற்போர் பெயரைச் சொல்லி இதையும் நிறுத்துகிறோம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்தபோது அழுதவர்களில் நானும் ஒருத்தி. அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் பிள்ளைகளை ஆறாம் வகுப்பிலிருந்து யார் வளர்ப்பது?

பழைய தர வரிசைப் பித்துக்குத் திரும்பச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிப்பதை 2017இல் நிறுத்தியது நல்ல முடிவு. தனியார் பள்ளிகளின் விளம்பரப் பலகைகளுக்காகப் பிள்ளைகள் பட்ட பாடு போதும். 'ஏ' செக்ஷன், 'பி' செக்ஷன் என்று மார்க் பார்த்துப் பிரிப்பதும் வேண்டாம். நான் கேட்பது வேறு. முன்னால் போகத் தயாராக இருக்கும் பிள்ளைக்கு அதே பள்ளியில் அடுத்த படியைக் காட்டுங்கள் என்கிறேன். இது சலுகையும் அல்ல. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பாடத்திட்டம் குழந்தையின் அறிவையும் உள்ளார்ந்த ஆற்றலையும் திறமையையும் வளர்க்க வேண்டும், உடல் மனத் திறன்கள் முழு அளவுக்கு வளர வேண்டும் என்கிறது. எட்டாம் வகுப்புவரை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சட்டம். முழு அளவு என்பது 35 அல்ல.

இனி என் கோரிக்கைகள்.

சுற்றறிக்கையில் 6 முதல் 9ஆம் வகுப்பைச் சேர்த்திருக்கும் பகுதியை உடனே நீக்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டு, பணியில் உள்ள ஆசிரியரின் நேரம் எடுக்காமல் நடத்தும் வகுப்புகளுக்குத் தடை இல்லை என்று எழுத்தில் தெளிவுபடுத்துங்கள். என் வகுப்புக்கு மட்டும் விலக்கு தர வேண்டாம். இந்த மாவட்டத்தில் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள், பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியர்கள், ஊரிலேயே இருக்கும் பொறியாளர்கள் பலர் வரத் தயாராக இருக்கிறார்கள். எல்லாருக்கும் பொருந்தும்படி சொல்லுங்கள். வெளியாட்கள் பள்ளிக்குள் வருவதில் பாதுகாப்புக் கவலை இருந்தால், அது நியாயமானது, அதற்கு விதிமுறை போடுங்கள், கட்டுப்படுகிறோம்.

மீளாய்வுக் கூட்டப் படிவத்தில் ஒரே ஒரு பத்தி சேருங்கள். பாடத்தை முன்கூட்டியே முடித்துவிட்ட, அல்லது ஏதாவது ஒன்றில் வயதுக்கு மீறிய ஆற்றல் காட்டும் பிள்ளைகள் யார், இந்த மாதம் அவர்களுக்கு என்ன கொடுத்தோம் என்று. இதற்கு மதிப்பெண் அளவுகோல் வைக்காதீர்கள். வைத்தால் மோட்டார் பையன் மறுபடி விடுபட்டுப் போவான். கேட்கும் பழக்கம் மேலிருந்து வந்தால் கீழே தானாக நடக்கும். தேர்ச்சி விழுக்காட்டில் அப்படித்தான் நடந்தது.

குழுத் தலைவர் வேலைக்கு எல்லை வையுங்கள். ஒரு நாளில் ஒரு பாடவேளைக்கு மேல் எந்தப் பிள்ளையும் மற்றவர்களுக்கு ஒப்பிக்கக் கேட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. மாலைச் சிறப்பு வகுப்பில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

ஒரு பாடத்தில் முன்னேறிய பிள்ளை அந்தப் பாடவேளையில் மட்டும் மேல் வகுப்பில் போய் உட்காரத் தலைமையாசிரியர் அனுமதிக்கலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். இதற்குப் பணம் தேவையில்லை, ஆள் தேவையில்லை. ஒரு நாற்காலி போதும். பல தலைமையாசிரியர்கள் செய்ய விரும்புகிறார்கள், விதியில் இல்லை என்று பயப்படுகிறார்கள்.

மாதம் ஒரு சனிக்கிழமை, பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்த குறுவள மைய அளவில் இப்படிப்பட்ட பிள்ளைகள் ஒன்றுகூட ஏற்பாடு செய்யுங்கள். தன் பள்ளியில் தன்னைப் போல ஒருவரையும் பார்க்காத பிள்ளைக்கு, பக்கத்து ஊரில் அதே கிறுக்கோடு இன்னொருத்தி இருக்கிறாள் என்று தெரிவது பெரிய பலம். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் ஆசிரியர்களுக்குத் தரும் பயிற்சிகளில், மெல்லக் கற்போரைக் கையாள்வதுபோல விரைந்து கற்போரைக் கையாள்வதற்கும் ஒரு நாள் ஒதுக்கச் சொல்லுங்கள்.

ஊரகத் திறனாய்வுத் தேர்வின் தொகையை உயர்த்த வேண்டும் என்றும், தேசியத் திறனாய்வுத் தேர்வை மீண்டும் நடத்த வலியுறுத்த வேண்டும் என்றும் அரசுக்கு உங்கள் மாவட்டத்தின் சார்பில் பரிந்துரை அனுப்புங்கள். இது உங்கள் கையில் இல்லை என்று தெரியும். பரிந்துரைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

பள்ளி மேலாண்மைக் குழு அடுத்த கூட்டத்தில் இந்த வகுப்பைப் பற்றி மறுபடி தீர்மானம் கொண்டுவரப் போகிறது. அதற்குள் உங்கள் பதில் தலைமையாசிரியருக்கு எழுத்தில் வர வேண்டும். வாய்மொழியாக 'நடத்திக்கொள்ளுங்கள், பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லி அனுப்பாதீர்கள். நாளை விழுக்காடு ஒன்று குறைந்தால் மாட்டிக்கொள்பவர் அவராகத்தான் இருப்பார். மறுப்பதானாலும் காரணத்தோடு எழுதுங்கள். அந்தக் காரணத்தைப் பெற்றோர் முன்னால் படிக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணிதப் பட்டதாரி ஆசிரியை ஒருத்தி